அன்சாருக்குப் பிளாஸ்டிக், சதுர வியூகத்துக்கு உலோகம்: 28 மி.மீ. சூடான் போர் உருவங்கள்

போர் விளையாட்டு உருவங்கள் செய்யும் பெர்ரி மினியேச்சர்ஸ் வெளியிடும் 28 மி.மீ. ‘மஹ்திஸ்ட் அன்சார்’ பெட்டியில் கடின பிளாஸ்டிக்கில் 40 பேர் இருக்கிறார்கள். அன்சார் என்பவர்கள் சூடானில் எகிப்திய, பிரிட்டிஷ் படைகளை எதிர்த்த சமயத் தலைவர் மஹ்தியின் படையினர். 1881 முதல் 1885 வரையிலான சூடான் போரை மேஜையில் ஆட விரும்புபவர் முதலில் வாங்க வேண்டியது இந்தப் பெட்டியைத்தான். பிரிட்டிஷ் சிப்பாய்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஈட்டியும் வாளுமாக அலையலையாய் ஓடி வரும் கூட்டம்தான் இந்தப் போரின் உயிர். அந்தக் கூட்டம் மெலிந்துவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும். கூட்டத்தை உலோகத்தில் சேர்க்கப் போனால் கைக்காசும் கரையும், பெட்டியைத் தூக்கவும் முடியாது. எனவே அன்சாருக்குப் பிளாஸ்டிக், பிரிட்டிஷ் வரிசைக்கும் தளபதிகளுக்கும் பீரங்கிகளுக்கும் உலோகம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஆனால் 40 என்ற எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. பழங்குடி அணிக்கு 16 பேர், துருப்பு அணிக்கு 12 பேர் என்று கேட்கும் ஆட்ட விதிகளில் ஒரு பெட்டி இரண்டு பழங்குடி அணியைத் தந்துவிட்டு 8 பேரைக் கையில் மிச்சம் வைக்கும். இரண்டு பெட்டியாக வாங்கினால் 80 பேர், சரியாக ஐந்து அணிகள், மிச்சமே இல்லை. அணிக்கு 20 பேர் கேட்கும் விதிகளுக்கு ஒரு பெட்டியே இரண்டு முழு அணி. முதலில் விதியை முடிவு செய்யுங்கள், பிறகு பெட்டிகளை எண்ணுங்கள். ஒரே பெட்டியோடு தொடங்குபவர்கள் மிச்சமிருக்கும் 8 பேரைத் துப்பாக்கி வீரர்களாக்கி, முன்னால் சிதறி ஓடும் சிறு குழுவாகப் பயன்படுத்தலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டிய மிக முக்கியமான விஷயம் ஆண்டு. ‘மஹ்தி படை’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காலத்து உருவங்கள் விற்பனைக்கு வருகின்றன. முதலாவது 1881–85, மஹ்தி உயிரோடு இருந்த காலம். எல் தெப், தமாய், அபு கிளியா, கார்ட்டூம் போர்கள் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது 1896–98, மஹ்திக்குப் பின் தலைமை ஏற்ற கலீஃபா அப்துல்லாஹியின் காலம்; ஓம்துர்மான் போரில் முடிவது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது உடை. ஜிப்பா நமக்குப் பழகிய சொல்தான், அன்சார் அணிந்ததும் அதுவே. தொடக்க காலத்தில் அது உண்மையாகவே கிழிந்து ஒட்டுப்போட்ட ஏழை உடை. ஒட்டுகள் கோணல்மாணலாக, கைக்குக் கிடைத்த துணியில் இருந்தன. கலீஃபாவின் காலத்தில் அதுவே சீருடையாகி, இரு பக்கமும் ஒத்துப்போகும்படி சதுரம் சதுரமாக, நேர்த்தியான கரையோடு ஒட்டுகள் தைக்கப்பட்டன. கச்சிதமான ஒட்டு செதுக்கிய உருவத்தை 1884-க்கு வாங்கினால் கத்தியால் சுரண்டினாலும் திருத்த முடியாது. ஒட்டு செதுக்காத வெற்று ஜிப்பா இருந்தால் கவலையில்லை, தூரிகையால் எந்தக் காலத்துக்கும் கொண்டுபோகலாம்.

செங்கடல் ஓரத்தில், சுவாக்கின் பக்கம், உஸ்மான் திக்னாவின் தலைமையில் போரிட்ட பெஜா மக்களின் கதை வேறு. அவர்களில் ஹதந்தோவா பிரிவினர் பெயர் பெற்றவர்கள். 1884 தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோர் ஜிப்பா அணியவில்லை. இடுப்பில் சுற்றிய பருத்தித் துணி, கொழுப்புத் தடவிப் பரத்திய அடர்ந்த முடி, வட்டமான தோல் கேடயம், அகன்ற இலை போன்ற முனையுள்ள ஈட்டி, வளைந்த எறிதடி. எல் தெப் (29 பிப்ரவரி 1884), தமாய் (13 மார்ச் 1884) இரண்டுக்கும் வேண்டியவர்கள் இவர்கள்தான். நைல் பக்கம் நடந்த அபு கிளியாவுக்கு (17 ஜனவரி 1885) ஜிப்பாக்காரர்கள் வேண்டும். பழைய பட்டியல்களில் பெஜா வீரர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த ஏளனப் பெயரிலேயே இன்னும் கிடக்கிறார்கள். தேடும்போது அந்தப் பெயரும் தேவைப்படலாம்; ஆனால் பெட்டியின் மேல் சீட்டு ஒட்டும்போது ஹதந்தோவா என்றே எழுதுங்கள். பிரிட்டிஷ் சதுர வியூகத்தை, அதாவது நான்கு பக்கமும் வெளிநோக்கி நிற்கும் படை வரிசையை, உடைத்துக் காட்டியவர்களுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரே பொருத்தம்.

துப்பாக்கியையும் உற்றுப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருப்பது மார்ட்டினி-ஹென்றி. ஒரு முறைக்கு ஒரே குண்டு. விசைக்குப் பின்னால் நீண்ட நெம்புகோல். அடியில் குண்டுப்பெட்டி எதுவும் துருத்தாது. விசைக்கு முன்னால் சிறு பெட்டி துருத்திக்கொண்டிருந்தால் அது லீ-மெட்ஃபோர்ட், 1898-க்கு உரியது. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் அப்படியே பிந்தைய காலத்தது. 1884–85-க்கு கேட்லிங், கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கிகளைக் கேட்டு வாங்குங்கள். அன்சாரின் கையில் இருக்க வேண்டிய துப்பாக்கி ரெமிங்டன். எகிப்தியப் படைகளை முறியடித்து அவர்கள் கைப்பற்றியது அது. 1883 நவம்பரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹிக்ஸ் நடத்திய எகிப்தியப் படை அழிந்தபோதும், 1884 பிப்ரவரியில் வாலன்டைன் பேக்கர் நடத்திய எகிப்தியப் படை சிதறியபோதும் நிறையத் துப்பாக்கிகளும் க்ரூப் பீரங்கிகளும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. எல் தெப்பில் அந்த க்ரூப் பீரங்கிகளைத்தான் பிரிட்டிஷாரை நோக்கித் திருப்பினார்கள். ஆகவே அன்சார் படைக்கு ஒரு க்ரூப் பீரங்கி வாங்குவது வரலாற்றோடு ஒட்டியதுதான். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வேறு வேறு தயாரிப்பாளர்களின் உருவங்களைக் கலக்கும்போது ‘28 மி.மீ.’ என்ற எழுத்தை நம்பாதீர்கள். சிலர் உள்ளங்காலிலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. இதைவிட நம்பகமான அளவுகோல் துப்பாக்கி. மார்ட்டினி-ஹென்றியின் நீளம் சுமார் 49 அங்குலம், அதாவது 124 செ.மீ. 28 மி.மீ. உருவங்களுக்குரிய 1/56 அளவில் அது 22 மி.மீ. வர வேண்டும். பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) பொருத்தினால் மொத்தம் ஆறடியை நெருங்கும், மேஜை அளவில் 32 மி.மீ. பயோனெட் மாட்டிய துப்பாக்கியைத் தரையில் ஊன்றினால் ஆளின் தலைக்கவசம் வரை எட்ட வேண்டும். துப்பாக்கி கட்டையாகவும் தடியாகவும் இருந்து, தலையும் கையும் பருத்திருந்தால் அந்த உருவம் பெர்ரியின் ஒல்லியான உடல்வாகோடு ஒரே அணியில் நிற்காது. வேறு அணியில், மேஜையின் மறுபக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு உறுத்தாது. ஒட்டகமும் குதிரையும் ஆள்களைப் போல அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுப்பதில்லை, தாராளமாகக் கலக்கலாம்.

இனி பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்த பிறகு செய்ய வேண்டியது. பெர்ரியின் பிளாஸ்டிக் உருவங்களில் உடல், தலை, கை, ஆயுதம் தனித்தனியாக, வார்ப்போடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதனால் ஒரே உடலை ஈட்டிக்காரனாகவும் வாள்வீரனாகவும் மாற்றலாம், தலையைச் சற்றே திருப்பினாலே ஆள் வேறாகத் தெரிவான். இதன் பலவீனம் ஈட்டிக் காம்பு. எந்தத் தயாரிப்பாளரின் கடின பிளாஸ்டிக்கிலும் இது உண்டு. சட்டத்தோடு மூன்று நான்கு இடங்களில் ஒட்டியிருக்கும் காம்பை ஒரு முனையிலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போனால், கடைசி வெட்டில் முறுக்கு முழுதும் ஒரே இடத்தில் சேர்ந்து காம்பு முறிந்துவிடும். முதலில் காம்பைச் சுற்றியுள்ள சட்டத்தையே துண்டு துண்டாக வெட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். பிறகு காம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி, தட்டையான வாயுள்ள கட்டரால் வெட்டுங்கள். காம்பில் மிச்சமிருக்கும் முனைப்பைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள். அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் விழும் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும், கூர் பக்கத்தை வைத்தால் காம்பில் பள்ளம் விழும்.

ஒட்டுவதற்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது இரு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கும், பசை போல இடையில் நிற்காது. ஒரு துளிக்கு மேல் போனால் முகத்தின் விவரமே உருகிவிடும். கேடயத்தை மட்டும் ஒட்டாமல் விட்டு, வண்ணம் பூசிய பிறகு ஒட்டுவது நல்லது. முன்னரே ஒட்டினால் மார்புக்கும் கேடயத்துக்கும் நடுவில் தூரிகை நுழையாது. உலோகத்துக்கு சூப்பர் குளூதான். பிளாஸ்டிக் சிமென்ட் உலோகத்தைத் தொட்டும் பார்க்காது.

உலோக உருவங்களில் வார்ப்போடு வரும் ஈட்டி எளிதில் வளையும், நாலைந்து முறை நிமிர்த்தினால் உடைந்துவிடும். அதைத் தொடக்கத்திலேயே வெட்டி எறிந்துவிட்டு எஃகுக் கம்பி ஈட்டி வைப்பதே நிலையான வழி. முனை தட்டிய 100 மி.மீ. கம்பி ஈட்டிகள் கட்டாகக் கிடைக்கின்றன. தேவையான நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், மனிதனைவிடச் சற்று உயரமாக, 35 முதல் 40 மி.மீ. வரை. கையில் துளையில்லை என்றால் 0.8 மி.மீ. துளைப்பானை விரலால் மெதுவாகச் சுழற்றுங்கள். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி என்று துளைத்தால் துளை விரல் வழியாக வெளியே வராது. எஃகு முனை குத்தும். சிறுவர்கள் ஆடும் மேஜையென்றால் முனையை அரத்தால் மழுக்கிவிட வேண்டும்.

மென்பிளாஸ்டிக் 1/72 உருவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடமும் காசும் குறைவாகப் பிடிக்கும், ஒரு சிறு மேஜையில் பெரும்படையே நிற்கும். ஆனால் அந்தப் பொருள் வளையும், வளையும்போது வண்ணம் செதிலாக உதிரும். முதலில் உதிர்வது ஈட்டி, அடுத்தது பயோனெட். சோப்புநீரில் கழுவி, நெகிழும் தன்மையுள்ள பிரைமர் (அடிப்பூச்சு) பூசினால் ஓரளவு தாங்கும். ஈட்டியும் பயோனெட்டும் நிறைந்த இந்தப் போருக்கு அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

வண்ணம் பூசுவதில் அன்சார் பெட்டி ஒரு வரம். பத்துப் பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள், நாற்பதையும் ஒரே நேரத்தில் பரப்பினால் கை சோர்ந்துவிடும். எலும்பு வெள்ளை அல்லது வெளிர் காக்கி பிரைமர், அதன் மேல் தண்ணீராக இளக்கிய, மடிப்புகளில் தேங்கும் பழுப்பு வாஷ், காய்ந்த பிறகு மடிப்பின் மேடுகளில் மட்டும் மறுபடி எலும்பு வெள்ளை. துணிக்கு இது போதும். சுத்த வெள்ளை பூசாதீர்கள், பாலைவனத்தில் மாதக்கணக்காக நடந்தவனின் துணி அப்படி இருக்காது. தோலுக்கு ஒரே பழுப்பை எல்லாருக்கும் பூசுவது பெரும் தவறு. பகாரா அரபுகள், பெஜாக்கள், தென்சூடானியத் துப்பாக்கி வீரர்கள் என்று பல மக்கள் ஒரே படையில் நின்றார்கள். துப்பாக்கி பிடித்த ஜிஹாதியா வீரர்களில் பலர் எகிப்தியப் படையிலிருந்து வந்த கறுப்பின வீரர்கள். குறைந்தது மூன்று அடிநிறங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: செம்பழுப்பு, அடர்பழுப்பு, கறுப்பை ஒட்டிய பழுப்பு. கறுப்பை ஒட்டிய தோலுக்கு மேடுகளில் நீலச்சாம்பல் சேர்த்தால் உயிர் வரும், வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்.

ஜிப்பா ஒட்டுகளுக்கு நீலம், கறுப்பு, மங்கிய சிவப்பு, பழுப்பு. ஓர் ஆளுக்கு மூன்று நான்கு போதும், அளவும் வடிவமும் மாறி மாறி இருக்கட்டும். ஒட்டின் ஓரத்தில் சற்று அடர்ந்த நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு இழுத்தால் கைத்தையல் தெரியும்.

கொடிகளில் கவனம் தேவை. கறுப்புக் கொடி கலீஃபா அப்துல்லாஹியின் பிரிவு, பச்சை அலி வத் ஹிலுவின் பிரிவு, சிவப்பு முகமது ஷரீஃபின் பிரிவு. இறைவசனங்கள் எழுதிய கொடிகள் அவை. அச்சிட்ட தாளை ஒட்டுமுன் எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ திரும்பியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். தாளில் பசை ஈரமாக இருக்கும்போதே பென்சிலைச் சுற்றி அலை போல வளைத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு வளைத்தால் வண்ணம் வெடிக்கும்.

பிரிட்டிஷ் பக்கம் நிறங்கள் குறைவு, தவறுகள் அதிகம். சூடான் என்றதும் எல்லாருக்கும் காக்கி பூசிவிடுகிறார்கள். நைல் நெடுக ஒட்டகப் படையினர் அணிந்தது சாம்பல் நிற செர்ஜ் கம்பளிச் சட்டை, மஞ்சள் கலந்த பழுப்புக் கால்சட்டை, காலில் சுற்றிய கருநீலப் பட்டி. எல் தெப்பிலும் தமாயிலும் ஸ்காட்லாந்தின் ஹைலாண்டர் படையினர் சாம்பல் சட்டையோடு கில்ட் என்ற பாவாடை அணிந்தார்கள். தலைக்கவசம் வெள்ளையாக வந்தது, சிப்பாய்கள் தேநீரிலும் மரப்பட்டைச் சாயத்திலும் தோய்த்து மங்கலாக்கினார்கள். அதனால் அது ஒரே சீராக இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கவசங்கள் ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று வேறுபட வேண்டும். சிவப்புச் சட்டைக்கும் இடம் உண்டு. 30 டிசம்பர் 1885-ல் கின்னிஸில் பிரிட்டிஷ் காலாட்படை சிவப்பு அணிந்து போரிட்டது. போர்க்களத்தில் சிவப்பு அணிந்தது அதுதான் கடைசி முறை என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள்.

ஒட்டகப் படையை வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த உருவங்கள் அழகானவை, கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் படை ஒட்டகத்தில் பயணம் செய்தது, போரிட்டது தரையில் நின்று. பன்னிரண்டு ஒட்டகச் சவாரிகளை வாங்கிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் இறக்கி நிறுத்த ஆளில்லாமல் விழிப்பதே வழக்கமாக நடப்பது. தரையில் நிற்பவர்களை முதலில் வாங்குங்கள். கூடவே மண்டியிட்டுக் கிடக்கும் ஒட்டகங்கள் சில. சவாரிகளைக் கடைசியில் ஆசைக்கு வாங்கலாம்.

சதுர வியூகத்துக்கு எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. அபு கிளியாவில் பிரிட்டிஷ் தளபதி ஹெர்பர்ட் ஸ்டூவர்ட்டின் சதுரத்தில் சுமார் 1,400 பேர் இருந்தார்கள். ஓர் உருவத்துக்கு 20 பேர் என்று கொண்டால் 70 உருவங்கள். மேஜைக்கு 48 போதும்: பக்கத்துக்கு 12 பேர், இரண்டு வரிசை, ஒரு வரிசைக்கு 6 பேர். 20 மி.மீ. சதுர பேஸில் (உருவத்தின் அடித்தட்டு) வைத்தால் ஒரு பக்கம் 120 மி.மீ. நடுவில் 120-க்கு 120 இடம் கிடைக்கும். 30-க்கு 60 மி.மீ. பேஸில் ஒட்டகங்களை வைத்தால் எட்டு நிற்கும், அதற்கு மேல் நுழையாது. 25 மி.மீ. வட்ட பேஸ் வாங்கினால் இதே சதுரம் 150 மி.மீ. ஆகி, ஆள்களுக்கு நடுவே சந்து சந்தாகத் தெரியும். தோளோடு தோள் நின்ற தோற்றம் வராது. அன்சாருக்கு 25 மி.மீ. வட்டமே சரி. ஓடுகிறவர்களின் ஈட்டி பக்கத்து ஆளின் முகத்தில் இடிக்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

கார்ட்னர் துப்பாக்கியையும் அதன் கடற்படைக் குழுவையும் தனி பேஸில் வைத்து, சதுரத்துக்கு வெளியே தள்ளும்படி செய்துகொள்ளுங்கள். அபு கிளியாவில் பெரஸ்ஃபோர்டின் மாலுமிகள் அதை வெளியே கொண்டுபோனார்கள், அது சிக்கிக்கொண்டது, இடதுபின் மூலையில் விழுந்த இடைவெளியில் அன்சார் உள்ளே புகுந்தார்கள். பிரிட்டிஷ் கர்னல் ஃபிரெட் பர்னபி இறந்தது அங்கேதான். பிரிட்டிஷ் தரப்பில் 74 பேர் மாண்டார்கள், அன்சார் தரப்பில் ஆயிரத்துக்கும் மேல். சதுரத்தை ஒரே பலகையில் ஒட்டி வைத்தால் இந்த ஆட்டத்தையே ஆட முடியாது. நான்கு பக்கமும் நான்கு தனித் தட்டுகளாக, அடியில் காந்தத்தாளோடு இருக்கட்டும்.

வார்னிஷ் இரண்டு பூச்சு: முதலில் பளபளப்பானது, உறுதிக்காக, அதன் மேல் மங்கலானது, தோற்றத்துக்காக. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் வெண்பனி படிந்ததுபோல் ஆகிவிடும். பழைய சேகரிப்பிலிருந்து உலோக உருவங்கள் வாங்குபவர்கள் ஈயத்தைக் கவனிக்க வேண்டும். அடியில் வெள்ளைப் பொடி தென்பட்டால் அது ஈய அரிப்பு. ஓக் போன்ற மரப்பெட்டிகள் கசியும் அமில ஆவிதான் காரணம். அவற்றைத் தனியே பிரித்து, பொடியை ஈரத்தோடு துடைத்தெடுத்து, காற்றோட்டமுள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். உலர்ந்த நிலையில் அரம் போடக் கூடாது, தொட்ட பிறகு கை கழுவ வேண்டும்.

தமிழ் வாசகர்கள் தேட வேண்டிய ஒரு போர் இதில் இருக்கிறது: 22 மார்ச் 1885, டோஃப்ரெக். சுவாக்கினுக்கு வெளியே முள்வேலி அமைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தளபதி மெக்நீலின் படை மீது பெஜாக்கள் பாய்ந்தார்கள். அந்தப் படையில் இந்தியத் துருப்புகள் இருந்தன: 15-ம் சீக்கியர், 17-ம் வங்காளக் காலாட்படை, 28-ம் பம்பாய்க் காலாட்படை, கூடவே மதராஸ் சாப்பர்கள் என்ற படைப் பொறியாளர்கள். ‘டோஃப்ரெக்’ இன்றும் மதராஸ் சாப்பர்களின் போர்ச் சிறப்புப் பட்டியலில் உள்ள பெயர். சீக்கியர் உருவங்கள் உலோகத்தில் தேடினால் கிடைக்கும். சாப்பர்கள் என்று தனிப் பொதியை எதிர்பார்க்காதீர்கள், சீக்கியத் தலைப்பாகையை அவர்களுக்கு வைத்துவிடவும் கூடாது. வேலை செய்யும் உருவங்களை எடுத்து, கோடரியும் மண்வெட்டியும் கொடுத்து, காக்கி பூசி, துப்பாக்கிகளைப் பக்கத்தில் கூம்பாகச் சாய்த்து வைத்தால் அந்தப் பிற்பகல் மேஜையில் வந்துவிடும். முள்வேலிக்குத் தேங்காய் நாரை 15 செ.மீ. நீளத் திரிகளாக முறுக்கி, நீர்த்த வெள்ளைப் பசையில் முக்கி, காய்ந்ததும் சாம்பல் பழுப்பைத் தொட்டுப் பெரும்பாலும் துடைத்த உலர்தூரிகையை மேலாக இழுங்கள். எட்டுத் திரி இருந்தால் இரண்டு பக்கம் முடிந்துவிடும். மற்ற இரண்டு பக்கத்தைத் திறந்தே விடுங்கள். பெஜாக்கள் வந்தபோது வேலி முடிந்திருக்கவில்லை.